பல் சக்கரம் பொருந்தாவிட்டால் யாரைக் கேட்பது?

இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைக்கவோ கலப்பைக் கொழு அடிக்கவோ ஆந்திராவின் பிச்சாட்டூரை விட்டு நகர வேண்டியதில்லை. நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் நூறு பல் உள்ள ஸ்பிராக்கெட் வேண்டுமென்றால் கதை வேறு. லேசர் கட்டிங் தேடி ஒன்று புத்தூர் வழியாகத் திருப்பதி போக வேண்டும். இல்லையென்றால் நாகலாபுரம், ஊத்துக்கோட்டை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் அம்பத்தூர். இந்த மாதிரி வேலைக்கு அலைகிறவர்கள் பெரும்பாலும் ரோபோ போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள். கையில் இருப்பது ஆளுக்குக் கொஞ்சமாக வசூலித்த பணம், போட்டிக்கு மிச்சம் சில வாரம். வாயாலேயே அளவைச் சொல்லி, அட்வான்ஸைக் கொடுத்து, துண்டுச் சீட்டுகூட வாங்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். சக்கரம் தப்பாக வந்தால் பட்டறைக்காரர், "நீங்க சொன்ன அளவுதானே தம்பி" என்பார். அதற்குப் பதில் சொல்ல இவர்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

இவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? ஆசிய-பசிபிக் நாடுகளின் மாணவர்கள் மோதும் ஏபியூ ரோபோகான் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தூர்தர்ஷன் நடத்தும் டிடி ரோபோகானில் வென்ற அணிதான் இந்தியா சார்பில் அங்கே போகும். 2023-ல் கம்போடியாவின் புனோம்பென்னில் கம்பங்களில் வளையம் எறியச் சொன்னார்கள். 2025-ல் மங்கோலியாவின் உலான்பாத்தரில் ரோபோக்கள் கூடைப்பந்து ஆடின. குறி பார்க்க ரோபோ மொத்தமும் திரும்பிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். எறியும் மேல்பாகம் மட்டும் திரும்பினால் போதும். அந்தத் திரும்பும் மேடைதான் டரட். நடுவே ஒயர் இறங்க ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பெரிய பல் சக்கரம், ஓரத்து மோட்டாரில் சின்னச் சக்கரம், இரண்டையும் கட்டி இழுக்க ஒரு செயின். பெரியதில் 100 பல், சின்னதில் 15 பல் என்றால் மோட்டார் ஏறக்குறைய ஏழு சுற்று சுற்ற, மேடை ஒரு சுற்று வரும். இந்த அளவில் கடையில் தயாராகக் கிடைப்பது அரிது. வெட்டித்தான் ஆக வேண்டும்.

வாய்வார்த்தை எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம். சைக்கிள் செயினின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு உருளைகளின் மைய இடைவெளி, 12.7 மில்லிமீட்டர். அதற்கு 100 பல் சக்கரம் போட்டால், செயின் உருளைகளின் மையம் ஓடும் வட்டத்தின் விட்டம் 404.3 மில்லிமீட்டர். பல் நுனிவரை அளந்தால் 412 வரும். மாணவர் போனில் "404" என்கிறார். பட்டறையில் அதை வெளி விட்டமாக எடுத்து வெட்டுகிறார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. தகடு மட்டும் வீண்.

அடுத்தது உருளை. பைக்குக்கு வரும் 428 செயினுக்கும் பிட்ச் அதே 12.7தான். ஆனால் சைக்கிள் செயின் உருளையின் விட்டம் 7.75 மில்லிமீட்டர், 428-க்கு 8.51. சைக்கிள் செயினுக்கு வெட்டிய பள்ளத்தில் பைக் செயின் சரியாக உட்காராது. தகட்டின் கனமும் அப்படியே. சைக்கிள் செயினின் உள் அகலம் சுமார் மூன்று மில்லிமீட்டர், அதில் 6 மில்லிமீட்டர் தகடு நுழையவே நுழையாது. 428-ல் 3 மில்லிமீட்டர் தகட்டைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். ஆகவே செயினில் ஒரு முழத்தைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நூறு வார்த்தை பேசுவதைவிட அதைத் தகட்டின் மேல் வைத்துக் காட்டுவது மேல்.

மூன்றாவது, கணினிப் படம். டிஎக்ஸ்எஃப் கோப்பை ஒருவர் மில்லிமீட்டரில் வரைய, இன்னொருவர் அங்குலமாகத் திறந்தால் அளவு 25.4 மடங்கு மாறிவிடும். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் என்று குறித்து ஒரு கோடு போட்டு வையுங்கள். திறந்தவுடன் அதை அளந்தாலே தெரிந்துவிடும். உலோகத்தில் கை வைக்குமுன் அட்டையிலோ எம்டிஎஃப் பலகையிலோ ஒரு மாதிரி வெட்டிச் செயினைச் சுற்றிப் பார்க்கலாம். படத்தில் செயின் வகை, பல் எண்ணிக்கை, இரண்டு விட்டங்கள், கனம், உலோகம், தேதி எல்லாம் எழுதி, "இதன்படி வெட்டுகிறோம்" என்று பட்டறையில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஓகே" வாங்கினாலும் அதுவும் ஒரு சாட்சிதான், அழித்துவிடாதீர்கள்.

இனி உரிமைக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, லாபத் தொழிலுக்காக அல்லாமல் காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவர் நுகர்வோர். தகடு பட்டறையுடையது என்றால் நீங்கள் வாங்குவது பொருள், உங்கள் தகட்டை வெட்டித் தந்தால் அது சேவை. இரண்டுக்கும் சட்டம் உண்டு. பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ஆனால் பிழை உங்கள் படத்தில் இருந்தால் இந்த வழி எதுவும் திறக்காது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, மறுவெட்டுக்குக் கூலி பேசுவது எல்லாருக்கும் நல்லது.

பிச்சாட்டூர்க்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேலை கொடுத்தது அம்பத்தூரில் என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டாம். புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. 2022 ஏப்ரலில் பிச்சாட்டூர் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. நுகர்வோர் ஆணையமும் திருப்பதியில் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம். பல சிக்கல்கள் அங்கிருந்து போகும் ஒரு தகவலிலேயே தீர்ந்துவிடும். பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால், பள்ளி மாணவர்கள் பெற்றோர் பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ பில் வாங்குவது நல்லது. கல்லூரியின் பெயரில் பில் போட்டால், புகார் கொடுக்க வேண்டியதும் கல்லூரிதான்.

உங்கள் தகட்டைப் பட்டறையில் விட்டு வந்தீர்களா? 1872 ஒப்பந்தச் சட்டத்தின்படி, தன் சொந்தப் பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாக அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை பட்டறைக்காரருக்கு உண்டு. அதே சட்டத்தின் 170-வது பிரிவு அவருக்கும் ஒரு பிடி கொடுக்கிறது: கூலி தரும்வரை வேலை முடிந்த சக்கரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். "போட்டி நாளைக்குண்ணா, காசு அப்புறம் தர்றோம்" என்று கெஞ்சுகிறவர்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் நியாயம்தான். கல்லூரிகள் பில்லை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் நடக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவுள்ள பட்டறை என்றால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், மாநிலக் குறுசிறு நிறுவன வசதிக் குழுவிலும் புகார் கொடுக்கலாம். இந்தத் தகவலைப் பட்டறைக்காரர்களிடம் யாரும் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆபத்து என்று சொன்னால் எல்லாரும் வெட்டும் மெஷினைத்தான் நினைக்கிறார்கள். அதிலும் கவனம் வேண்டும்தான். லேத்தோ டிரில்லோ ஓடும்போது துணிக் கையுறை போடக்கூடாது. நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பிவிசி ஷீட்டை லேசரில் வெட்டச் சொல்லாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் மெஷினையும் சேர்த்துக் கெடுக்கும். சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. பதினெட்டு நிரம்பாதவரை உதவிக்கு மெஷின் அருகே நிறுத்துவது தப்பு, அவர் பட்டறைக்காரரின் மகனாக இருந்தாலும்.

என் பயம் அதற்குப் பிறகு, மாணவர் அறையில். நள்ளிரவில் செயினைச் சரிசெய்யும்போது ஒருவர் விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் இருக்கும், லேப்டாப் முன்னால் இருப்பவர் புரோகிராமை ஓட்டிவிடுவார். ஏறக்குறைய ஏழு மடங்கு முறுக்குவிசையுடன் திரும்பும் சக்கரம் விரல் என்று பார்க்காது. பேட்டரி ஒயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் செயினைத் தொட வேண்டும். அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான் போட்டி விதிக்காக மட்டும் வைப்பதல்ல, ஒத்திகையிலும் வேலை செய்ய வேண்டும். வெட்டி வந்த சக்கரத்தின் விளிம்பில் பிசிறு இருக்கும். அரம் போட்டு வழித்துவிட்டு மாட்டுங்கள்.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். வளையத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த வட்டத் தகடு மூலையில் சாய்ந்து கிடக்கும். தகடு நீங்கள் கொண்டுபோனது என்றால் அந்த வட்டமும் உங்களுடையதுதான். மோட்டார் பக்கத்துச் சின்னச் சக்கரம் அதில் நாலைந்து தேறும்.