பெருங்காய டப்பாவில் ஒரு ரகசியம்

எனக்கு 42 வயது நடக்கும்போது சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் கணவர் சொன்னது இதுதான்: “மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடு. ஆனா வெளியில மூச்சு விடாதே. பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மனசிலும் அதே பயம்தான். ஏதோ திருட்டுச் செய்து பிடிபட்டவள் போல, மாத்திரையைப் பெருங்காய டப்பாவில் ஒளித்து வைத்தேன். மாமியாருக்குத் தெரியாது, பெற்ற பெண்ணுக்கும் தெரியாது. போகிற வீட்டிலெல்லாம் சீனி போட்ட காப்பி! வேண்டாமென்றால் “ஏன்?” என்பார்களே! விரதம் என்று எத்தனை நாள்தான் பொய் சொல்வது?

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. மதுரையில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வேலை மும்முரத்தில் பலகாரம் சாப்பிடாமலே இருந்துவிட்டேன். பந்தி போட மணி இரண்டாகிவிட்டது. தாம்பூலத் தட்டை எடுத்த கை வெடவெடவென்று நடுங்கியது. உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. கண் இருட்ட, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“வெயில்தான்” என்றார் ஒருவர். “கண்ணு பட்டிருச்சு” என்றார் இன்னொருவர். பாவம், என் மகள் விசிறிக்கொண்டே அழுகிறாள். என்ன செய்வதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவில்லையே!

வாசலிலிருந்து ஓடி வந்தார் என் கணவர். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், “அவளுக்கு சர்க்கரை இருக்கு! சீனித் தண்ணி கொண்டாங்க!” என்று கத்தினார். மூச்சு விடாதே என்றவரேதான்!

சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். நடுக்கம், வியர்வை, படபடப்பு கண்டால் உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டுமாம். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே போல். நினைவே தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். நோயை மறைத்தால் யாருக்குத் தெரியும்?

ரகசியம் உடைந்ததும் வேறு தொல்லை ஆரம்பித்தது. “இனிப்பா தின்னிருப்பா” என்றார் மாமியார். பரம்பரை, உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு என்பதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? கல்யாணப் பந்தியில் நாத்தனார், “மதினிக்கு ஜாங்கிரி வைக்காதீங்க!” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். மகன் என் தட்டில் இட்லியை எண்ணுவான். எல்லாம் அக்கறைதான். ஆனாலும் ராத்திரி தலையணை நனைந்தது.

ஒருநாள் கணவரிடம் சொல்லிவிட்டேன்: “கணக்குப் பாக்காதீங்க. என்கூட நடக்க வாங்க, அது போதும்.” அன்றிலிருந்து சாயங்காலம் இருவரும் சேர்ந்தே நடக்கிறோம். எனக்கென்று தனிச் சமையலும் கிடையாது. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டி, எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் இப்போது டாக்டர் தலையாட்டுகிறார்.

நாங்கள் பயந்ததும் நடந்தது. ஒரு வரன், விஷயம் தெரிந்ததும் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று நழுவியது. நான் உடைந்துபோனேன். என் மகள் சொன்னாள்: “அம்மாவுக்கு சர்க்கரைன்னு ஓடறவங்க, நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல்னா பக்கத்துல நிப்பாங்களாம்மா?”

இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இப்போது முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறோம்.

சகோதரிகளே, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதில் எத்தனை பேர் என்னைப் போல டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார்களோ! இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், அவர் தட்டை எண்ணாதீர்கள். “சாப்பிட்டாச்சா?” என்று நேரத்துக்கு ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மாத்திரை இப்போது சாப்பாட்டு மேஜையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது.