விசிட்டிங் கார்டில் ஒரு கணினி

விசிட்டிங் கார்டு வடிவத்தில் ஒரு காலத்தில் சிடிகள் வந்தன. வட்டத்தின் இரு பக்கங்களை வெட்டி எடுத்ததுபோல் இருக்கும், சட்டைப்பையில் அடங்கும். கொள்ளளவு ஏறத்தாழ 50 மெகாபைட். அதற்குள் ஒரு முழு டெஸ்க்டாப்பை அடைக்க முடியுமா என்று 2003ஆம் ஆண்டுவாக்கில் ஜான் ஆண்ட்ரூஸ் முயன்று பார்த்தார். அந்த முயற்சியில் பிறந்ததுதான் டேம் ஸ்மால் லினக்ஸ்.

அந்தச் சிடியைப் போட்டுக் கணினியை இயக்கினால் பிரவுசர், மின்னஞ்சல், எழுதவும் கணக்குப் போடவும் மென்பொருள், பாட்டுக் கேட்க எக்ஸ்எம்எம்எஸ் என்று எல்லாம் திரையில் வந்து நிற்கும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாது. 16 மெகாபைட் நினைவகமே உள்ள 486 கணினியிலும் அது ஓடியது. 128 மெகாபைட் ராம் இருந்தால் இன்னும் அழகு: முழு இயங்குதளமும் ராமுக்குள் குடியேறிவிடும், சிடியை வெளியே எடுத்துவிடலாம். பழைய கணினி அப்போது பறக்கும்.

இத்தனையையும் சின்னச் சிடியில் அடைத்த சூட்சுமம் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் என்ற லினக்ஸில் இருந்து வந்தது. 700 மெகாபைட் சிடியில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் மென்பொருளைச் சுருக்கி வைத்தது நாப்பிக்ஸ். அப்பளக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் ஒட்டி ஒடுங்கிக் கிடக்கும். பந்தியில் எத்தனை பேரோ அத்தனையை மட்டும் எண்ணெயில் போட்டால் போதும். சிடியில் உள்ள தரவும் சிறுசிறு துண்டுகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒரு கோப்பைக் கேட்கும் நொடியில் அதற்குரிய துண்டுகள் மட்டும் நினைவகத்தில் விரியும். விரிக்கும் வேலை கூடுதல் சுமை அல்லவா? பல நேரங்களில் நேர்மாறு. அடிப்படை வேகத்தில் ஒரு சிடியில் இருந்து நொடிக்கு 150 கிலோபைட்தான் வரும். பத்துப் பதினைந்து மடங்கு வேகமான டிரைவும் ப்ராசஸருக்கு மந்தம்தான். குறைவாகப் படித்து, படித்ததை விரித்துக்கொள்வதே லாபம்.

ஆனால் சுருக்குவதால் மட்டும் 50 மெகாபைட்டில் அடங்கிவிடாது. என்னை வியக்க வைப்பது தேர்வுகள்தான். திரையை வரைய, முழு எக்ஸ் சர்வருக்குப் பதில் எக்ஸ்வெசா என்ற குட்டி சர்வர். ஜன்னல்களைக் கையாள ஃப்ளக்ஸ்பாக்ஸ். பட்டன்களையும் மெனுக்களையும் வரைய, உலகம் ஜிடிகே 2க்குப் போன பிறகும் சிறிதான ஜிடிகே 1. இயங்குதளத்தின் கருவான கெர்னல், கடைசிவரை 2.4 வரிசை. இணையத்துக்கு டில்லோ. ஒன்றை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் இன்னொன்று வெளியேற வேண்டும். அந்தச் சின்னச் சிடியே கண்டிப்பான ஆசிரியராக இருந்தது.

அதே தேர்வுகள் பின்னாளில் காலைக் கட்டின. புதிய வன்பொருளைப் பழைய கெர்னலுக்குத் தெரியாது. ஜிடிகே 1ஐக் கவனிக்க ஆளில்லை. டில்லோவுக்கோ ஜாவாஸ்கிரிப்ட் வராது. இணையப் பக்கங்கள் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடத் தொடங்கியபோது, கணினி வேகமாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை. இயங்குதளத்தை எவ்வளவு இளைக்க வைத்தாலும் பிரவுசரை இளைக்க வைக்க முடியாது என்பது அப்போது தெளிவானது.

டேம் ஸ்மால் லினக்ஸில் முக்கியப் பங்காற்றிய ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் 2008இல் தனியே டைனி கோர் லினக்ஸைத் தொடங்கினார். அடித்தளம் மட்டும் பத்து மெகாபைட் அளவில். மற்றதெல்லாம் வேண்டியவர் வேண்டியபோது சேர்த்துக்கொள்வது. பந்திக்கு முன் எதையும் பரிமாறி வைக்காத முறை அது.

நெடுநாள் உறங்கிய டேம் ஸ்மால் லினக்ஸை 2024இல் ஆண்ட்ரூஸ் மீண்டும் எழுப்பினார். டெபியன் லினக்ஸ் வழிவந்த ஆன்டிஎக்ஸ்தான் இப்போது அஸ்திவாரம். புது வரம்பு 700 மெகாபைட், பழையதைப்போல் 14 மடங்கு. பெயருக்குப் பொருந்தவில்லையே என்று தோன்றலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. இந்த எண்ணும் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளில் இருந்து வந்ததுதான்: ஒரு முழு சிடி. உள்ளே டில்லோ இன்னும் இருக்கிறது, ஃப்ளக்ஸ்பாக்ஸும் இருக்கிறது. புதிய லினக்ஸ்கள் பல கைவிட்ட 32 பிட் கணினிகளிலும் அது எழுந்து நிற்கிறது.