உறைந்த கடலை அளக்கும் ஒலி

ஆர்க்டிக் கடலின் மேல் மிதக்கும் பனிக்கட்டியைச் செயற்கைக்கோள் படம்பிடிக்கும். அடியில் உள்ள நீரின் வெப்பநிலை அதற்கு எட்டாது. ஒளியும் ரேடியோ அலைகளும் கடல்நீரில் சிறிது தூரத்திலேயே மங்கிவிடுகின்றன. மற்றக் கடல்களில் ஆழத்து வெப்பநிலையை அளக்கும் மிதவைகள் மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். பனிக்கட்டி மூடிய இடத்தில் அதற்கும் வழியில்லை. நீருக்குள் நெடுந்தூரம் போகக்கூடியது ஒலி ஒன்றுதான்.

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். வெப்பம், உப்பு, அழுத்தம் கூடினால் அதுவும் கூடும். ஒலி எப்போதும் தன் வேகம் குறைந்த அடுக்கை நோக்கியே வளைந்து செல்லும். மிதவெப்பக் கடல்களில் அந்த அடுக்கு சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆர்க்டிக்கிலோ மிகக் குளிர்ந்த நீர் பனிக்கட்டியை ஒட்டியே கிடக்கிறது. அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து, பனிக்கட்டியின் கரடுமுரடான அடிப்பரப்பில் மோதி இறங்கி, மறுபடியும் மேலேறுகிறது. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் சிதறிப்போகிறது. கீச்சொலி சீக்கிரமே அழிந்துவிடும். நொடிக்கு 20 அதிர்வுகள் (20 ஹெர்ட்ஸ்) கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 70 மீட்டருக்கும் மேல் என்பதால், பனிக்கட்டியின் மேடுபள்ளங்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இதை நம்பித்தான் 1994 ஏப்ரலில் அமெரிக்க, ரஷ்ய விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். சுவால்பார்டு தீவுகளுக்கு வடக்கே பனிக்கட்டி மீது முகாம் அமைத்து, நீருக்குள் 19.6 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பினார்கள். சுமார் 2,600 கிலோமீட்டர் தாண்டி, பியூஃபோர்ட் கடலில் இருந்த இன்னொரு முகாமில் அது பதிவானது. பயண நேரம் ஏறத்தாழ அரை மணி. ஆனால் பழைய வெப்பநிலைக் கணக்குகள் காட்டிய நேரத்தைவிட முன்னதாகவே ஒலி வந்து சேர்ந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வந்து நடு ஆழத்தில் பரவும் நீரடுக்கு சுமார் 0.4 டிகிரி சூடேறியிருந்ததே காரணம். அதே காலத்தில் கப்பல்களிலிருந்து எடுத்த அளவீடுகளும் அதை உறுதிசெய்தன. பனிப்போரில் நீர்மூழ்கிகளை வேவுபார்க்க வளர்ந்த அறிவு இப்படிக் கடலின் நலம் அறியப் பயன்பட்டது பெரிய செய்தி.

அந்த நீர்மூழ்கிகளே வேறொரு சான்றையும் விட்டுச்சென்றன. பனிக்கட்டிக்கு அடியில் செல்லும்போது அவை மேல்நோக்கி ஒலி அனுப்பி, எதிரொலியைக் கொண்டு அதன் தடிமனைக் கண்டறிந்தன. 1958 முதல் 1976 வரையிலான பயணங்களில், நீருக்குள் அமிழ்ந்த பனிக்கட்டியின் சராசரித் தடிமன் கோடை இறுதியில் 3.1 மீட்டர். 1990களில் அது 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது.

ஒலி எழுப்பாமல் காது கொடுத்துக் கேட்பதும் ஒரு முறை. உருகும் பனியாற்றிலிருந்து வெடித்து வெளியேறும் பழங்காலக் காற்றுக்குமிழிகள் பெரும் இரைச்சல் எழுப்புகின்றன. ஃபிராம் நீரிணையின் குளிர்கால இருளில் போஹெட் திமிங்கிலங்கள் பாடுவதை நீரடி ஒலிவாங்கிகள் பதிவுசெய்துள்ளன. ஆர்க்டிக் கடலைக் கண்காணிப்பதில் இந்தியாவும் இறங்கியது: சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்று, 2014இல் சுவால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டில் இந்தியா நீரடி ஆய்வு அமைப்பு ஒன்றை நிறுவியது.

ஒருமுறை அளந்தால் அந்த ஆண்டின் நிலைதான் தெரியும். கடல் சூடேறும் போக்கை அறிய, ஆர்க்டிக்கின் குறுக்கே ஒலிக்கருவிகளை நிலையாக நிறுவி ஆண்டு முழுவதும் இயக்கும் பொறுப்பை நாடுகள் ஒன்றுசேர்ந்து ஏற்க வேண்டும்.