‘சடக்’ ஓசையும் முதுகுவலியும்: கைரோபிராக்டிக் குறித்துச் சில கேள்விகள்

நாள் முழுவதும் நின்று பாடம் நடத்துவதும், குனிந்தபடி கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவதும் ஆசிரியர் பலருக்கு முதுகுவலியையும் கழுத்துவலியையும் தருகின்றன. முதுகில் ‘சடக்’ என்று ஓசை எழுப்பி வலியைப் போக்குவதாகக் காட்டும் காணொலிகளைக் கண்டதும், நாமும் செய்துகொள்ளலாமா என்று தோன்றும். அதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் விரைவாக அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை இது. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் இதைத் தொடங்கினார். பெரும்பாலான நோய்களுக்கு இடம் விலகிய முள்ளெலும்பே காரணம் என்பது அவர் கருத்து. இன்றைய மருத்துவ அறிவியல் இதை ஏற்பதில்லை.

அந்த ஓசை, எலும்பு இடத்தில் பொருந்தும் ஓசையா?

இல்லை. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் உள்ளது. மூட்டு சட்டென விரியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உருவாகிறது. விரலில் சொடக்கு எடுக்கும்போது நிகழ்வதும் இதுவே. ஓசை வந்தது என்பதற்காக நோய் குணமாகிவிட்டது என்று பொருளல்ல.

பலன் உண்டா?

கீழ்முதுகு வலிக்கு ஓரளவு உண்டு. ஆனால் அது உடற்பயிற்சி தரும் பலனைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதன்று. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இத்தகைய சிகிச்சையை உடற்பயிற்சியுடன் சேர்த்தே தரலாம் என்கிறது. ஆஸ்துமா போன்ற நோய்களைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

ஆபத்து உண்டா?

ஓரிரு நாள் வலியும் அசதியும் இருப்பது சாதாரணம். கழுத்தை வேகமாகத் திருப்புவதில்தான் எச்சரிக்கை தேவை. கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள், அரிதாகவேனும், பதிவாகியுள்ளன. எலும்பு மெலிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்துகொள்ளக் கூடாது. முடிதிருத்தகத்தில் கழுத்தை நெட்டி முறிப்பதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எப்போது உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கை கால் பலவீனம், தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, விழுந்தபின் தொடங்கிய வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இவை இல்லாத சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே இருக்காமல் இயன்றவரை நடமாடுவது நல்லது. திருத்தும் பணிக்கிடையே அவ்வப்போது எழுந்து நடக்கலாம். வலி நீடித்தால் தகுதிபெற்ற இயன்முறை மருத்துவரிடம் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம்.

மாணவர்களும் இக்காணொலிகளைப் பார்க்கிறார்கள். இடைவேளையில் ஒருவர் கழுத்தை மற்றவர் பிடித்துத் திருப்புவதைக் கண்டால் உடனே தடுங்கள். சோடா புட்டியைத் திறந்ததும் குமிழி வருவதை எடுத்துக்காட்டாக்கி, அழுத்தம் குறைந்தால் வாயு வெளிப்படும் என்று விளக்குங்கள். ஓசைக்கான காரணத்தோடு, கழுத்தில் விளையாடக் கூடாது என்பதையும் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.