இளமையும் மதுவும் – 6: ஐஸ்லாந்தின் மாலைப்பொழுதுகள்

சிறார் மதுப்பழக்கத் தடுப்பு பற்றிய ஆய்வுகளில் ஐஸ்லாந்தின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. 1998-இல் அந்நாட்டின் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர், கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையேனும் போதையேறக் குடித்திருந்தனர். 2016-இல் இந்த அளவு 5 விழுக்காடாகக் குறைந்தது. குடியின் தீமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பதோடு நில்லாமல், அவர்களைச் சூழ்ந்திருந்த பெரியவர்களின் நடைமுறையையே மாற்ற முற்பட்டதுதான் அந்நாட்டு முயற்சியின் தனித்தன்மை.

பெயர் குறிப்பிடாமல் மாணவர்கள் நிரப்பித் தரும் வினாத்தாளே இம்முயற்சிக்கு அடித்தளம். குடித்ததுண்டா என்பதோடு, பெற்றோருடன் எவ்வளவு நேரம் கழிகிறது, மாலையில் எங்கே, யாருடன் இருக்கிறோம் என்பது வீட்டாருக்குத் தெரியுமா என்றும் அதில் கேட்கப்பட்டது. பெற்றோரின் அருகாமை, அவர்களது கண்காணிப்பு, முறையான விளையாட்டுப் பயிற்சி ஆகியவை வாய்த்த பிள்ளைகள் குடியை நாடுவது குறைவு என்பதை விடைகள் காட்டின. இவற்றையே ஆய்வாளர்கள் 'காப்புக் காரணிகள்', அதாவது தீங்கு அணுகாமல் தடுக்கும் சூழல்கள், என்கின்றனர். முடிவுகள் அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் தனித்தனியே தரப்பட்டதால், தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலையைப் பெற்றோர் புள்ளிவிவரமாகவே பார்க்க நேர்ந்தது.

குளிர்காலத்தில் 12 வயது வரையுள்ளோர் இரவு 8 மணிக்கும், 13 முதல் 16 வயதினர் 10 மணிக்கும் மேல் பெரியவர் துணையின்றி வெளியில் இருக்கலாகாது என்பதும், இரவிலும் வெளிச்சம் நீடிக்கும் கோடையில் இவ்வரம்பு இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். இந்நேரங்களை அச்சிட்ட காந்த வில்லைகள் குளிர்பதனப் பெட்டிக் கதவுகளில் ஒட்டப்பட்டன. எனினும், சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள், வார இறுதி இரவுகளில் குழுவாகத் தெருக்களைச் சுற்றிவந்து, வெளியில் நின்ற சிறுவர்களிடம் கனிவாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிய பெற்றோர்களே. காவலர் விரட்டுவதற்கும் பக்கத்து வீட்டுத் தாய் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் நன்கறிவர்.

வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது. பிள்ளைக்குச் செய்வதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். தலைநகர் ரெய்க்யவிக்கின் நகராட்சி விளையாட்டு, இசை, நடன வகுப்புகளின் கட்டணத்துக்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை ஒதுக்கியதால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வகுப்புகள் எட்டின. மது விளம்பரத் தடையும், 20 வயது நிரம்பியோருக்கு மட்டுமே விற்கும் அரசுக் கடைகளும் இதற்குத் துணைநின்றன.

ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இதே காலத்தில் இளையோரின் குடி குறைந்திருப்பதால், முழுப் பெருமையையும் இத்திட்டத்துக்கே அளிப்பது முறையாகாது. ஆயினும், வார நாள்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் கழிப்பதாகக் கூறிய 15, 16 வயதினர் 1997-இல் 23 விழுக்காடாக இருந்து, 2012-இல் 46 விழுக்காடாகப் பெருகியதைத் தற்செயலென்று ஒதுக்கிவிட முடியாது. பெற்றோர் தங்கள் மாலைப்பொழுதைப் பிள்ளைகளுக்கென ஒதுக்காத ஊரில், பள்ளியும் சட்டமும் எவ்வளவு முயன்றாலும் இந்த மாற்றம் கைகூடியிராது.

(தொடரும்)