இருப்புப் பாதையின் நாடி பார்க்கும் சரக்கு வேகன்

காரைக்குடியிலிருந்து திருச்சிக்கோ மானாமதுரைக்கோ இரயிலேறுவோர், சன்னல் வழியே ஒரு மனிதரைக் கண்டிருக்கக்கூடும். கையில் சுத்தியலுடன், தண்டவாளத்தைக் குனிந்து நோக்கியபடி தனியே நடந்து செல்வார். அவரே 'கீமேன்'. கழன்ற கிளிப்புகளை அடித்து இறுக்குவதும், விரிசல் உண்டா என்று பார்ப்பதும் அவரது அன்றாடப் பணி. வெளியூர் சென்ற நம் பிள்ளைகள் நலமாக வீடு திரும்புவதில் அவருக்கும் பங்குண்டு.

பாதை பழுதானால் நேர்வது என்ன என்பதைத் தமிழகம் 1956-இல் கண்டது. நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாதையை அரித்துவிட, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று, இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

வெள்ளம் கண்ணுக்குத் தெரியும் பகை. கண்ணுக்குத் தெரியாத பகைகளும் உள. நம் செட்டிநாட்டு வெயிலை எண்ணிப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால், கட்டுப்பாடின்றிக் கிடக்கும் 1 கிலோமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். கிளிப்புகளும் ஜல்லியும் இறுகப் பிடித்திருப்பதால் அது நீள இயலாமல் உள்ளுக்குள் அழுத்தம் சேர்கிறது. பிடி தளர்ந்த இடத்தில் பாதை வளைந்துவிடும். ஜல்லிக்கு அடியில் மண் இளகியிருந்தாலோ, வெறும் பாதை சமமாகவே தோன்றும். பாரம் ஏறும்போதுதான் அமிழும்.

அவ்வாறாயின், பாரம் சுமக்கும் வேகனையே சோதனையாளராக்கினால் என்ன? ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இரும்புத்தாது ஏற்றும் இரயில்களில் இதைச் செய்து காட்டினர், மோனாஷ் பல்கலைக்கழக இரயில் தொழில்நுட்ப ஆய்வாளர்கள். மற்ற வேகன்களோடு தாது சுமந்து ஓடும் சில வேகன்களில் உணர்கருவிகளைப் பொருத்தினர். சுருள்வில் எவ்வளவு அமிழ்கிறது, வேகன் எங்கே குலுங்குகிறது என்பதைக் கருவிகள் பதிவு செய்யும். செயற்கைக்கோள் வழியே இடமும் குறிக்கப்படும். போக்குவரத்தை நிறுத்தாமலே ஒவ்வொரு பயணமும் ஒரு சோதனையாகிறது.

நம் நாட்டிலும் பாதையைப் பதிவு செய்யும் தனிப் பெட்டிகளும், ஓடும் வண்டியில் அதிர்வை அளக்கும் கருவிகளும், விரிசலைத் தேடும் மீயொலித் தள்ளுவண்டிகளும் உள்ளன. ஆனால் இவை இடைவெளி விட்டே வருபவை. சரக்கு வேகனோ ஓய்வின்றி ஓடுவது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பழுது இன்ன இடத்தில் என்று கருவி சொல்லும். அங்கே சென்று சரிசெய்பவர் மனிதரே. பாதையில் பணிபுரிகையில் இரயில் மோதி உயிர்நீத்தோர் பலர். அவர்தம் வேலையைப் பறிக்க அன்று, அவர்தம் உயிரையும் நம் உயிரையும் காக்கவே இத்தகைய கருவிகள் பயன்பட வேண்டும்.