‘கண்ணை மூடுங்க’ என்று சொல்வதற்கு முன்… மனக்காயம் உள்ளவர்களின் நம்பிக்கையை ஒரு யோகா ஆசிரியர் பெறுவது எப்படி?

"கண்ணை மூடுங்க. உடம்பைத் தளர்த்துங்க." யோகா வகுப்புக்குப் போன எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். பலருக்கு அது ஓய்வு. ஆனால் வன்முறையைச் சந்தித்த ஒருவருக்கு, பின்னால் யார் நடமாடுறாங்கன்னு தெரியாமல் கண்ணை மூடுவதே பயமாக இருக்கலாம். நெஞ்சு படபடக்கும். வெளியில் எதுவும் தெரியாது. அடுத்த வாரம் அவர் வரமாட்டார், அவ்வளவுதான்.

2025 ஜூன் 21 அன்று விசாகப்பட்டினத்தில் சுமார் 3 லட்சம் பேர் ஒன்றாக யோகா செய்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரே கட்டளைதான் சாத்தியம். 20 பேர் உள்ள வகுப்பில் அப்படி இருக்கத் தேவையில்லை.

அந்த 20 பேரில் எத்தனை பேர்?

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21), 18 முதல் 49 வயதுள்ள, திருமணமான பெண்களிடம் கணவரின் வன்முறை பற்றிக் கேட்டது. அனுபவித்ததாகச் சொன்னவர்கள் ஆந்திரத்தில் சுமார் 30%, தமிழ்நாட்டில் சுமார் 38%.

ஒரு எளிய கணக்கு போடலாம். திருச்சானூரில் 20 திருமணமான பெண்கள் உள்ள வகுப்பு என்றால், சராசரியாக 6 பேர். அதே வகுப்பு சென்னையில் என்றால் 7 அல்லது 8 பேர். விபத்து, சிறுவயதுக் கொடுமை, பேரிடர் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நாடு முழுக்க, உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் 77% பேர் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. குடும்பத்திடமே சொல்லாதவர், புதுசா வந்த யோகா டீச்சரிடம் சொல்வாரா? அதனால் ‘யாருக்குப் பிரச்சினை?’ என்று விசாரிப்பதைவிட, எல்லோருக்கும் பாதுகாப்பாக வகுப்பை நடத்துவதுதான் வழி. ட்ராமா-இன்ஃபார்ம்டு யோகாவின் அடிப்படை இதுதான்.

நம்பிக்கை எதில் உருவாகிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் நடத்திய மையத்தில் டேவிட் எமர்சன் என்ற யோகா ஆசிரியர் 2000-களில் இந்த முறையை உருவாக்கினார். மனக்காயம் என்பது பெரும்பாலும் ‘என் உடம்பு என் கட்டுப்பாட்டில் இல்லை’ என்ற அனுபவம். எனவே வகுப்பில் அந்தக் கட்டுப்பாட்டை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும்.

• பேச்சு: "கையைத் தூக்குங்க" என்பது கட்டளை. "விருப்பமிருந்தா கையை உயர்த்தலாம், இல்லன்னா மடியிலேயே வச்சிக்கலாம்" என்பது அழைப்பு. தமிழில் ‘லாம்’ சேர்த்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். "எல்லாரும் இப்ப கண்ணை மூடலாம்" என்பதும் கட்டளைதான். இரண்டு வழி சொன்னால்தான் தேர்வு.

• தொடுதல்: எமர்சன் முறையில் ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்துவதில்லை. தோள் சற்றுக் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

• முன்கூட்டிச் சொல்வது: எவ்வளவு நேரம், அடுத்து என்ன, எப்போது விளக்கு அணையும், ஆசிரியர் எங்கே நிற்பார், எல்லாமே முதலில் தெரிய வேண்டும். சொன்ன நேரத்தில் முடிப்பதும் நம்பிக்கைதான்.

• வெளியேறும் உரிமை: கதவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாதியில் எழுந்து போனால் "ஏன்?" என்று கேட்கக் கூடாது.

தொடாமல் எப்படிச் சொல்லித்தர முடியும்?

குரு தொட்டுத் திருத்துவது நமக்குப் பழகிய முறைதான். ஆனால் அதில் மாணவர் மறுக்க இடமில்லை. மைசூரில் அஷ்டாங்க யோகாவைப் பிரபலப்படுத்திய பட்டாபி ஜோயிஸ் (1915-2009) மீது, திருத்தம் என்ற பெயரில் தகாத முறையில் தொட்டதாக முன்னாள் மாணவிகள் பலர் பின்னாளில் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினர். 2019-ல் அவரது பேரன் சரத் ஜோயிஸ் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத இடத்தில், மாணவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இது பலன் தருமா?

2014-ல் வெளியான ஆய்வில், நீண்டகாலமாகச் சிகிச்சைக்குப் பிடிகொடுக்காத மனக்காயப் பாதிப்பு இருந்த 64 பெண்கள் பங்கேற்றனர். 10 வார யோகாவுக்குப் பிறகு, அந்தக் குழுவில் 31 பேரில் 16 பேருக்கு நோய்க்கான அளவுகோல் பொருந்தவில்லை. நலக்கல்வி மட்டும் பெற்ற குழுவில் 29 பேரில் 6 பேர்.

நம்ம ஊர் ஆதாரமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின், நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் இருந்த 183 பேரிடம் யோக மூச்சுப்பயிற்சி சோதிக்கப்பட்டது (ஆய்வு 2010-ல் வெளியானது). பயிற்சி பெற்றவர்களுக்கு 6 வாரத்தில் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் குழுக்கள் முகாம் வாரியாகப் பிரிக்கப்பட்டன, குலுக்கல் முறையில் அல்ல. எனவே முடிவைக் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லை எங்கே?

யோகா ஆசிரியர் மனநல மருத்துவர் அல்ல. மாணவரின் கதையைத் தோண்டி எடுப்பது அவர் வேலையும் அல்ல. யாராவது தானாக மனம் திறந்தால், கேட்டுக்கொண்டு, சரியான இடத்துக்கு வழிகாட்டினால் போதும். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலும் தெலுங்கிலும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். பெண்களுக்கான உதவி எண் 181.

சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. வகுப்பில் தொட்டுத் திருத்துவீங்களா? வேண்டாம்னா எப்படிச் சொல்வது?
2. ஒரு ஆசனத்தைச் செய்யாமல் சும்மா உட்காரலாமா?
3. பாதியில் கிளம்பினால் பரவாயில்லையா?

இதற்கெல்லாம் ஆசிரியர் என்ன பதில் சொல்கிறார் என்பதோடு, எப்படிச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். கேள்வி கேட்டதற்கே எரிச்சல்படுகிறார் என்றால், வேறு வகுப்பு தேடலாம்.